சிவப்பு எழுத்தில் ஏழாவது பெயர்

போன் செயலியில் பதிவேற்றம் பின்தங்கிய அங்கன்வாடிப் பணியாளர்களின் பெயரைச் சிவப்பில் காட்டும் அந்தப் பட்டியலைப் பற்றி எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள். ஏழாவதாகச் சிவப்பில் இருந்தவள் பேச மட்டும் பாக்கி. இரவு 9.40க்கு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். உடனே ஒருவர், "போன் பார்க்கத் தெரியாதவர்கள் விருப்ப ஓய்வு வாங்கலாமே" என்கிறார். அதற்கு நான்கு பேர் கைதட்டும் பொம்மை வேறு.

எனக்குப் போன் பார்க்கத் தெரியும். இந்தப் பதிவும் அதில் எழுதியதுதான்.

2021இல் ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துப் பதிவுச் செயலியான போஷன் டிராக்கர் வந்தபோது அங்கன்வாடிகளில் பதிவேட்டுச் சுமை தீரும் என்று சந்தோஷப்பட்டவள் நான். இன்று நோட்டிலும் எழுதுகிறேன், செயலியிலும் ஏற்றுகிறேன். 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு கொடுக்க, வாங்குபவரின் முகத்தைப் போனில் சரிபார்க்கும் முகப்பதிவு கட்டாயம். முகத்தைக் காட்டும் முன்பு ஆதார் சரிபார்ப்புக்கு ஓடிபி. எங்கள் ஊரில் பல வீடுகளில் ஆதாரில் இருப்பது கணவரின் எண். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மெஷின் சத்தத்தில் அவர் போனை எடுப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை எட்டு மாதக் கர்ப்பிணியை வாசல் வெயிலில் நிறுத்தி, "கண்ணைச் சிமிட்டும்மா" என்று ஐந்து தடவை சொன்னேன். மூன்று வயதில் என் மையத்து மணலில் 'அ' எழுதிய பெண் அவள். அவள் முகம் எனக்குத் தெரியும். போனுக்குத்தான் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் உள்ளே பத்தொன்பது குழந்தைகளோடு உதவியாளர் அக்கா தனியாக. அந்தக் கணக்கு எந்தப் பட்டியலிலும் வராது.

முறைகேட்டைத் தடுக்கத்தானே என்பீர்கள். சரி, தடுக்கட்டும். "ஐடியில் இல்லாத அழுத்தமா?" என்று கேட்கும் தம்பிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். உனக்கு அழுத்தம் இல்லை என்று நான் சொன்னேனா, ஐயா? சிக்னலுக்காக நீ தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறியதுண்டா? ஐம்பத்திரண்டு வயதில், புடவையோடு? கீழே நின்று ஊரே பார்க்க?

மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். தூக்கம் எப்படி என்று கேட்டார், சிரித்துவைத்தேன். நேற்று குக்கர் விசிலடித்ததும் அடுப்பை விட்டுப் போனைத் தேடி ஓடினேன். மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அதுதான் தாங்கவில்லை.

2021இல் மகாராஷ்டிராவில் அங்கன்வாடிப் பெண்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். அப்போது, இதற்கெல்லாமா என்று நினைத்தேன். இப்போது அந்தத் துணிச்சல் எனக்கு இல்லையே என்றிருக்கிறது.

இன்னொன்று. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். கைதட்டிய நால்வரில் ஒருவருக்கு, அவர் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது, ஒரு மாதம் முழுக்கப் பதிவேற்றம் செய்து கொடுத்தவள் நான். போன் பார்க்கத் தெரியாத இதே நான். அந்த மாதம் அவர் பெயர் பச்சையில் வந்தது.

பட்டியலில் நான்காவதாக இருந்த அக்கா குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அவரை மறுபடி சேர்த்துவிடச் சொல்லிக் காலையிலிருந்து மூன்று பேர் அழைத்துவிட்டார்கள். நான் அட்மின் இல்லை. அட்மினாக இருந்தாலும் சேர்க்க மாட்டேன். அவராவது தூங்கட்டும்.