அலாரம் தானாக அலறினால் யூனிட்டையே மாற்ற வேண்டுமா?

"நிறுத்திய காரின் திருட்டு அலாரம் தானாக அலறினால் யூனிட் போய்விட்டது என்று அர்த்தம், சைரன் ஒயரை வெட்டிவிட்டு புதியது போடுங்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பெரும்பாலும் யூனிட், அதாவது அலாரத்தை இயக்கும் பெட்டி, நன்றாகத்தான் இருக்கும். அதற்கு வந்துசேரும் சிக்னல்தான் தப்பு. முதலில் பேட்டரியைப் பாருங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு மல்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டினால் சரி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் தீர்ந்த மாதிரிதான். மின்னழுத்தம் திடீரென இறங்கினால், சில அலாரங்கள் யாரோ கதவைத் திறந்ததாக எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் பானெட் சுவிட்ச், அதாவது எஞ்சின் மூடி திறந்திருக்கிறதா என்று அலாரத்துக்குச் சொல்லும் சுவிட்ச். ஆளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். தண்ணீரும் தூசியும் படுகிற இடத்தில் இருப்பதால் உள்ளே துரு ஏறிவிடும். மூடிய பானெட்டையும் திறந்திருப்பதாகச் சொல்லும். அதன் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை கன்டினியூட்டியில் (மின் இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் நிலையில்) வைத்து, சுவிட்சைக் கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் நிலை பளிச்சென்று மாற வேண்டும். தடுமாறினால் கோளாறு அங்கேதான். கதவு சுவிட்சுகளுக்கும் இதே சோதனைதான்.

ஒயரை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். பல சைரன்களுக்குள் தனி பேட்டரி உண்டு. மின் இணைப்பை வெட்டினாலே அலற வேண்டும் என்றுதான் அவற்றை அமைத்திருக்கிறார்கள்.