கங்காணிக்கு 18 நகம்

(மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டக் குடியிருப்பு. ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டு வெகுகாலம் ஆகிறது. குமார் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். எதிர்வீட்டு அஞ்சலை அத்தை 35 வருடம் ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர். குமாரின் கறுப்பு நாய்க்குப் பெயர் கங்காணி. தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிறவருக்குத்தான் கங்காணி என்று பெயர். விடியுமுன் வீடு வீடாகப் போய்க் குரைத்து ஆள் எழுப்புவதால் அத்தை வைத்த பெயர்.)

அத்தை: ஏன்டா குமாரு, கங்காணி லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறாரே? ஸ்ட்ரைக்கா?

குமார்: நகம் வெட்டப் பார்த்தேன் அத்தை. ராத்திரியெல்லாம் சிமெண்டுத் தரையில் டக் டக் என்று நடக்கிறான், தூக்கமே இல்லை. என் நகவெட்டியை வைத்து அழுத்தினேன், நகம் பிளந்துவிட்டது.

அத்தை: உன் நகம் தகடு, அவர் நகம் உருட்டு. தகடு வெட்டுகிற சாமானில் உருட்டை வைத்து நசுக்கினால் பிளக்காதா?

குமார்: அதற்கப்புறம் நாய்க்கென்றே விற்கிற கத்தரி வாங்கிவிட்டேன். ஆனால் கை நடுங்குகிறது. நகத்துக்குள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிறது. வெள்ளை நகமாக இருந்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். இவனுக்கு எல்லாமே கறுப்பு. எங்கே நிறுத்துவது?

அத்தை: பட்டைக்குள்ளே கட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டா நான் மரம் வெட்டினேன்? மெல்லிசாகச் சீவு. நிறுத்திப் பார். மறுபடி சீவு, மறுபடி பார். கத்தி கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. தோட்டத்துக் கங்காணி வெட்டுப் பார்க்க வந்தால் அன்றைக்கு நம் பரம்பரையே திட்டு வாங்கும்.

குமார்: அங்கே வெட்டிப் பால் வந்தால் சம்பளம். இங்கே வெட்டிச் சிவப்பாக வந்தால் கடி. இரண்டும் ஒன்றா அத்தை?

அத்தை: கையில் பதம் ஒன்றுதான். கத்தரியைக் கொடு. நீ ஆளைப் பிடி. டேய், காலைப் பக்கவாட்டில் இழுக்காதே, மூட்டு வலிக்கும். அவர் நிற்கிறபடியே விட்டுப் பாதத்தை மட்டும் தூக்கு.

(கங்காணி பிஸ்கட் வாசனைக்கு வெளியே வருகிறார். கொள்கைப் பிடிப்பு அவ்வளவுதான்.)

குமார்: நில்லுங்கள் அத்தை, சோளமாவு எடுத்து வைக்கிறேன். தவறிப்போய் ரத்தம் வந்தால் மாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால்தான் ஈப்போவில் கால்நடை டாக்டர்.

அத்தை: மாவு இருக்கட்டும், தேவைப்படாது. டார்ச்சை நகத்துக்கு நேராகப் பிடி. இதோ... ஒரு சீவல். வெட்டின முகத்தைப் பார், வெள்ளையாக, மாவு மாதிரி. இன்னும் போகலாம். இதோ, இன்னொன்று. இப்போது?

குமார்: நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது.

அத்தை: அதுதான் எல்லை. நிறுத்து. பிஸ்கட் கொடு.

(பிஸ்கட் கொடுக்கப்படுகிறது. ஒன்று நாய்க்கு, ஒன்று அத்தைக்கு.)

குமார்: பெரிய ஆள் அத்தை நீங்கள்! கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது தெரியுமா?

அத்தை: அதற்கும் இதற்கும் என்ன?

குமார்: நீங்கள் பால்வெட்டின மர வரிசையில் மாட்டாததால் தப்பித்தது.

அத்தை: வாயை மூடிக்கொண்டு அந்தக் கட்டைவிரலைக் காட்டு. உள்பக்கம் மேலே தொங்குகிறதே, அது. தரையில் படாது, அதனால் தேயாது. விட்டுவிட்டால் வளைந்து அவர் சதையிலேயே குத்தும். இதோ... சரி. முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நாலு. மொத்தம் 18. இன்றைக்கு இரண்டு முடிந்தது. நாளை மறுநாள் வருகிறேன்.

குமார்: என்னது? மீதி 16?

அத்தை: ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு. மரத்துக்கு ஓய்வு வேண்டாமா?

குமார்: அத்தை, இது நாய்!

அத்தை: நாய் இப்போது வாலை ஆட்டுகிறது. 18-ஐயும் ஒரே பிடியாக வெட்டினால் அடுத்த மாதம் கத்தரியைப் பார்த்ததும் ஈப்போவரைக்கும் ஓடும். எது வேண்டும்?

குமார்: ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு இரண்டாக... 17 நாள் ஆகும். கடைசி நகம் முடிந்து திரும்பினால் முதல் நகம் வளர்ந்திருக்கும்!

அத்தை: பின்னே? கடைசி மரம் முடிந்தால் முதல் மரம். அடிக்கடி கொஞ்சமாக வெட்டினால் உள்ளே இருக்கிற ரத்தக்குழாயும் மெல்லப் பின்னால் போகும். அப்புறம் நகத்தை இன்னும் கட்டையாக வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தயாராக இரு.

குமார்: ஐந்து மணியா? அது பால் நன்றாக வடிகிற நேரம். நகத்துக்கு என்ன நேரம்?

அத்தை: எனக்கு அப்போதுதான் கை ஓடும். நெற்றி விளக்கு இன்னும் வைத்திருக்கிறேன். மழை பெய்தால் மட்டும் வரமாட்டேன்.

குமார்: திண்ணையில் மழை எங்கே அத்தை பெய்கிறது?

அத்தை: மழை நாளில் வெட்டு கிடையாது, அவ்வளவுதான்.

(கங்காணி குனிந்து, வெட்டிய நகம் இரண்டையும் மெதுவாக முகர்ந்து பார்க்கிறார். அத்தை தன்னையறியாமல் எழுந்து நிற்கிறார்.)

குமார்: என்ன அத்தை, ஏன் எழுந்தீர்கள்?

அத்தை: உஷ்! வெட்டுப் பார்க்கிறார்.

(கங்காணி ஒன்றும் சொல்லாமல் போய் லோரி நிழலில் படுக்கிறார்.)

அத்தை: பார்த்தாயா? ஒரு குறை சொல்லவில்லை. 35 வருடத்தில் இதுதான் முதல் தடவை.