மினுமினுப்பு பாதுகாப்பு ஆகாது

மழைக்காலம் நெருங்கினால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயில் பெயின்டிங் வைத்திருப்பவர்கள் வார்னிஷ் டப்பாவைத் தேடுகிறார்கள். உப்புக்காற்று அண்டாது என்று நம்பிக்கை. மாடர்ன் பாணியில், மேட் ஆக, அதாவது பளபளப்பில்லாமல், வரைந்த ஒரு ஸ்டில் லைஃபுக்கு (அசையாப் பொருள்களின் படம்) இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது.

நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக் 1909-ல் வரைந்த ‘வயலினும் பலட்டும்’ இருக்கிறது (பலட் என்றால் நிறம் குழைக்கும் பலகை). உயரம் 91.7 செ.மீ., அகலம் 42.8 செ.மீ. கீழே சில்லு சில்லாக உடைந்த வயலின், அதற்கு மேல் இசைத்தாள், உச்சியில் ஆணியில் தொங்கும் பலட். பழுப்பும் சாம்பலும் பச்சையும் நூலிழை வித்தியாசத்தில் மாறுவதால்தான் ஒரு சில்லு முன்னே வருகிறது, பக்கத்துச் சில்லு பின்வாங்குகிறது. பளபளப்பு ஏறினால் இந்த விளையாட்டே போச்சு. பிராக்கும் பிக்காசோவும் அந்த வருடங்களில் வார்னிஷை ஒதுக்கியது அதனால்தான். அவர்கள் கையை விட்டுப் போன படங்கள் பலவற்றுக்குப் பிற்பாடு மற்றவர்கள் வார்னிஷ் அடித்து, பின்பக்கத்தில் மெழுகு வைத்து வேறு துணியும் ஒட்டினார்கள். அந்தப் பரப்பு இனி திரும்பாது.

காரணம் எளிது. மேட் பரப்பில் நிறத்துகள்களுக்கு இடையே காற்று இருக்கும், ஒளி அதில் சிதறும், நிறம் வெளிறித் தெரியும். அந்த இடத்தில் வார்னிஷ் புகுந்தால் நிறம் இருண்டுவிடும். எண்ணெய் குறைவான பகுதி குடித்துவிடும், மற்ற பகுதியில் மேலேயே தங்கும். படம் முழுக்கத் திட்டுத்திட்டு. ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்தும் போகும். கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் என்றால் கேட்கவே வேண்டாம். மஞ்சளித்த பிறகு அதைக் கழற்றும் திரவம் அடியில் இருக்கும் பெயின்டையும் சேர்த்துத் தூக்கும்.

இங்கே ஈரம் தாக்குவது பெரும்பாலும் பின்பக்கமாக. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரத்தில் கேன்வாஸ் தளரும், காய்ந்தால் இறுகும். மேலே கெட்டிப்பட்ட பெயின்ட் கூடவே நீள முடியாமல் வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சையும் வரும். அதனால் ஃபிரேமின் பின்பக்கத்தை சன்பேக் ஷீட் (நடுவே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை) வைத்து மூடுங்கள். பசை வேண்டாம், ஸ்க்ரூ போதும். ஸ்க்ரூவும் கேன்வாஸை இழுத்து அடிக்கும் ஆணியும் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும்; குளச்சல் காற்றில் இரும்பு துருப்பிடித்துத் துணியையே அரிக்கும். கீழ் மூலைகளில் ரப்பர் புஷ் ஒட்டி, சுவரிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி மாட்டுங்கள். சாரல் அடிக்கிற வெளிச்சுவர் கூடவே கூடாது. முன்னால் கண்ணாடி போட்டால் படத்தைத் தொடாமல் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். பகலெல்லாம் ஏசி, ராத்திரி அணைப்பு என்பது ஏசியே இல்லாததைவிட மோசம். தூசிக்கு மென்மையான உலர்ந்த பிரஷ். ஈரத்துணி ஆகாது.

பிராக் 1912 முதல் பெயின்டில் மணல் கலந்ததைப் பார்த்து நம்ம பிள்ளைகளும் முயல்கிறார்கள், சந்தோஷம். கடல்மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். அதிலிருக்கும் உப்பு காலம் முழுக்க ஈரத்தை இழுக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் வேண்டவே வேண்டாம், அதில் மோனசைட் இருக்கிறது, கதிர்வீச்சு உள்ள தாது. சலித்த ஆற்றுமணலை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கலக்குங்கள். மணல் எண்ணெயைக் குடிக்கும். ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்காவிட்டால் விரல் பட்டாலே உதிரும். இழுத்துக் கட்டிய கேன்வாஸ் அந்தக் கனத்தில் தொய்யும், ப்ரைமர் அடித்த பிளைவுட்டில் வரையுங்கள். மணல் கலந்த படத்துக்கு வார்னிஷ் அடித்தால் மணிகளைச் சுற்றித் தேங்கிவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது.