விருந்தாளி கையில் சாவியைக் கொடுங்கள்

பிரான்ஸின் தென்மேற்கில், தொர்தோஞ் மாவட்டத்தில், சர்லா நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடியிருக்கிறோம். கோடை வந்தால் ஊரிலிருந்து உறவினர்கள் வருவார்கள். இதைப் பற்றி எழுதினால், சொந்தபந்தத்தைப் பாரமாக நினைக்கிறாள் என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். இங்கே வருகிறவர்களைக் கடைசிவரை விருந்தாளியாகவே வைத்திருப்பதுபோல் அவர்களுக்குச் செய்யும் கொடுமை வேறில்லை.

மதுரையில் ஒருவர் வீட்டுக்கு விருந்தாகப் போனால், அலுப்புத் தட்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போகலாம். ஒரு டீ குடிக்கலாம், பேப்பர் வாங்கலாம், ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்வரலாம். இங்கே எங்கள் வழியாகப் போகும் ஒரே பஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது. பகல் இரண்டு மணிக்கு வெயிலுக்காக எல்லா வீட்டிலும் மரக்கதவுகளால் ஜன்னலை அடைத்துவிடுவார்கள். வந்த மறுநாள் சித்தி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "ஊரில் ஏதும் துக்கமா?" என்று கேட்டார்.

ஆக, வந்தவருக்குச் சமைப்பது, காரோட்டுவது, மொழிபெயர்ப்பது, பொழுதுபோக்குவது எல்லாம் நம் தலையில். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாற்பது வருடம் வங்கியில் ஆட்களை வேலை வாங்கிய சித்தப்பா, விடிகாலை நான்கு மணிக்கே விழித்துக்கொண்டு, நான் எழுந்து வந்து காபி போடும்வரை இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அடுப்பைத் தொட அவருக்குத் தயக்கம். கதவைத் திறந்து வெளியே போனால் உள்ளே வர முடியுமோ முடியாதோ என்று பயம்.

அவர் கையில் ஒரு வீட்டுச் சாவியையும் சில்லறையையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தேன். சீட்டில் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது: 'போன்ஜூர். உய்ன் பகேத், சில் வூ ப்ளே.' வணக்கம், ஒரு நீள ரொட்டி, தயவுசெய்து என்று அர்த்தம். முதல் சொல்லை மட்டும் மறந்துவிட வேண்டாம், மற்றதை விரலால் காட்டினால்கூடப் போதும் என்று சொல்லி ரொட்டிக் கடைக்கு அனுப்பினேன். இந்த நாட்டில் கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் வேண்டியதைக் கேட்பவருக்கு ரொட்டி கிடைக்கும், முகம் கிடைக்காது. சித்தப்பா அன்று போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. ரொட்டியின் நுனி கடித்திருந்தது. "முன்னால் போன பெரியவரும் கடித்துக்கொண்டேதான் போனார்" என்றார். அதன்பிறகு காலை ரொட்டி அவர் பொறுப்பு. கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் ஞாயிறன்றே இரண்டு வாங்கிவிட வேண்டும் என்பதை எனக்கே நினைவுபடுத்தத் தொடங்கினார். மழையில் ஒருநாள் அவர் போகவில்லை, அன்று நான் போனபோது, "உங்கள் வீட்டு ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கடைக்கார அம்மாள் விசாரித்தார். இத்தனை காலமாக இங்கே இருக்கும் என்னை யாரும் அப்படி விசாரித்ததில்லை!

சித்திக்குச் சந்தை. சர்லாவில் புதன், சனி காலைகளில் கூடுகிறது. சாந்த் மரி என்ற பழைய தேவாலயமே அங்கே காய்கறி, பாலாடைக்கட்டிக் கடைகளாகிவிட்டது. பிரம்மாண்டமான அதன் இரும்புக் கதவுகள் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் வடிவமைத்தவை. சித்தி கதவையெல்லாம் பார்க்கவில்லை. தக்காளியை அழுத்திப் பார்க்கக் கை நீட்டினார், விற்கிறவர் 'நானே எடுத்துத் தருகிறேன்' என்று மறித்தார். சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் முலாம்பழக்காரர் வேறு ரகம். "இன்றைக்கா, நாளைக்கா?" என்று கேட்டார். எப்போது சாப்பிடப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற பக்குவத்தில் பழத்தை முகர்ந்து எடுத்துக் கொடுப்பார்கள். இந்தக் கேள்வியில் சித்தி விழுந்துவிட்டார். அடுத்த சந்தைக்கு அவரே பை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்.

இதற்கெல்லாம் முன்பு சில விஷயங்களை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பழைய கல்வீட்டுக் குளியலறைகளில் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. நம் பழக்கத்தில் வாளியும் குவளையுமாகக் குளித்தால் கீழே சமையலறைக் கூரை சொட்டும். வெந்நீர்த் தொட்டி இரவில் மலிவு மின்சாரத்தில் சூடாவது. காலையில் மூன்று பேர் தாராளமாகக் குளித்தால் நான்காமவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். கழிவுநீர் போவது தோட்டத்துத் தொட்டிக்கு, அதனால் அப்பளம் பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது. உணவகம் என்றால் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்துவிட வேண்டும். புடவை மாற்றிக் கிளம்பி இரண்டு மணிக்குப் போனால் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். சைவம் சாப்பிடுபவருக்கு இந்த வாத்துக்கறி தேசத்தில் ஆம்லெட்டுதான், அதுவும் முட்டை சாப்பிட்டால். ஊரிலிருந்து தேங்காய் கொண்டுவரலாம், சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலை கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் சட்டப்படி வரக் கூடாது. கறிவேப்பிலைக்குப் பாரிஸில் இறங்கும்போதே லாச்சப்பல் பகுதியில் நம் தமிழ்க் கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கட்டும். கிராமங்களில் புதிய நோயாளியை ஏற்கும் மருத்துவரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

சுற்றிப்பார்ப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கோட்டைகள் மூன்றாவதிலிருந்து எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். லாஸ்கோ மட்டும் தவறவிடக் கூடாது. 1940-இல் சில பையன்கள் கண்டுபிடித்த ஆதிமனிதர் ஓவியக் குகை. 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்த காலமும் உண்டு. வந்தவர்கள் விட்ட மூச்சிலும் ஈரத்திலும் சுவரில் பாசி பிடிக்க, 1963-இல் மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது 2016-இல் திறந்த முழு நகல். "நகலைப் பார்க்கவா இவ்வளவு டிக்கெட்?" என்று சித்தப்பா கடுகடுத்தார். பதினேழாயிரம் ஆண்டுக்குமேல் தாங்கிய குகை விருந்தாளிகளிடம் பதினைந்தே ஆண்டில் தோற்றுப்போனது என்பதை அவருக்குச் சொல்லும்போது நான் சிரித்திருக்கக் கூடாதுதான்.

இவ்வளவும் நடக்க நாள் வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பக்கத்து ஊர்க்காரருக்குச் சொன்னது. முதல் வாரம் தூக்கம் சரியாவதற்கே போய்விடும், இரண்டாம் வாரம் சாவியும் சந்தையும் பழகும். அதன்பிறகுதான் அவர்களும் இருப்பார்கள், நாமும் இருப்போம், யாரும் யாரையும் கவனித்துக்கொண்டிருக்க மாட்டோம். பத்து நாளில் ஏழு நாடு பார்க்கிற பயணத்தில் 'உன் வீட்டில் இரண்டு நாள்' என்று கேட்கிறவர்களுக்கு நான் பாரிஸிலேயே விடுதி பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். ரயில், கார் என்று வந்துபோவதிலேயே அந்த இரண்டு நாளும் கரைந்துவிடும்.

மூன்று வாரமாவது தங்குகிறவர்கள் தாராளமாக வாருங்கள். ஒரு வேண்டுகோள், தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் விசாவுக்கு வேண்டிய தங்குமிடச் சான்றில் ஊர் மேயர் கையெழுத்திட வேண்டும். முப்பது யூரோ முத்திரைக் கட்டணம், வீட்டுப் பத்திரம், வருமானச் சான்று எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊர் மேயர் அலுவலகம் வாரத்தில் இரண்டு காலை மட்டும்தான் திறக்கும், ஆகஸ்டில் அதுவும் சந்தேகம்.