சங்கிலியை மாற்றாதீங்க அண்ணே, முதல்ல அந்த ரப்பர் கயிற்றைப் பாருங்க

மேலே ஒருத்தர், ரோயிங் மெஷினில் (துடுப்புப் போடுவது மாதிரி இழுக்கும் உடற்பயிற்சி மெஷின்) இழுத்துவிட்ட கைப்பிடி முழுசா உள்ளே திரும்பாமல் பாதி வழியில் நின்றால் சங்கிலி தேய்ந்துவிட்டது, புதுசு வாங்குங்க, அதுவரை டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிங்க என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. நம்பி யாரும் ரிங்கிட்டை வீணாக்கிவிடக் கூடாது.

கான்செப்ட்2 பிராண்ட் மாதிரி காற்றுச் சக்கர மெஷினில் கைப்பிடியைத் திரும்ப இழுப்பது, இருக்கை ஓடும் நீளத் தண்டுக்குள் போகும் ரப்பர் கயிறு. சங்கிலி தேய்ந்தால் சக்கரப் பல்லில் தாவும், கரகரக்கும். கைப்பிடி தொய்வதற்கு முதல் காரணம் கயிறுதான். சுங்கை சிப்புட்டில் பால்மரத்தோடு வளர்ந்த நமக்குச் சொல்லவா வேணும், ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் செத்துப்போகும். என் மெஷின் தகரக் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில்தான் கிடந்தது. சங்கிலி நன்றாகவே இருந்தது, கயிறு மட்டும் தளர்ந்திருந்தது.

முதலில் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க. ரொம்ப இறுக்கினால் கால் நீட்டி முழுசா இழுக்கும்போது கைப்பிடி மேலே வராமல் தடைபட்டு நிற்கும், அதையும் சோதிக்கணும். இறுக்கியும் சரிவரவில்லை, மேலுறை பிய்ந்திருக்கிறது என்றால் கயிற்றை மட்டும் மாற்றுங்க. கழற்றுமுன் அது கப்பிகளைச் சுற்றிப் போகும் வழியைப் படம் எடுத்து வைங்க. கொக்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே அவிழ்க்கணும், கை நழுவினால் முகத்தில் அடிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க.

டபிள்யூடி-40 கரைப்பான் வகை, சங்கிலிக்கு ஆகாது என்று கான்செப்ட்2 தயாரிப்பாளரே சொல்கிறார்கள். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, துணியில் 20டபிள்யூ ரக மோட்டார் எண்ணெய் நனைத்துச் சங்கிலியைத் துடைத்தால் போதும்.