சிரான் தெரணியகலவை நாம் தமிழில் படிக்க வேண்டும்

திருகோணமலையில் பழமை என்று பேச்செடுத்தால் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீரூற்று, அப்புறம் கோட்டை. அதற்கு முன்னால் யாரும் போவதில்லை. யார் முதலில் வந்தது என்ற சண்டை முழுவதும் ஒரு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அதற்கு அப்பால் இந்தத் தீவில் மனிதர் பல பத்தாயிரம் ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை மண்ணைத் தோண்டி, காலம் கணித்து நிறுவியவர் சிரான் தெரணியகல. 2021 ஒக்டோபரில் காலமானார். எங்கள் ஊரில் அவர் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இலங்கையின் ஆதி மனிதரான பலாங்கொடை மனிதனைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்போம். அந்த ஆய்வில் முன்னோடி இவருடைய தந்தை போல் தெரணியகல. மகன் 1968இல் தொல்லியல் திணைக்களத்தில் சேர்ந்தார், 1992 முதல் 2001 வரை பணிப்பாளர் நாயகமாக இருந்தார். ஹாவர்ட் பல்கலைக்கழகக் கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்த அவருடைய பெரும் நூல், இலங்கையின் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைச் சூழலியல் நோக்கில் ஆராய்வது, 1992இல் வெளியானது. எந்தக் கல் எங்கே கிடைத்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. மழை எவ்வளவு, மண் எப்படி, என்ன உண்டார்கள், அந்த நிலம் எத்தனை பேரைத் தாங்கியிருக்கும் என்றெல்லாம் கேட்டார். என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தக் கேள்விகள்தான்.

குருவிட்டைக்குப் பக்கத்திலுள்ள பட்டதொம்பலென குகையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்தவை பெரும்பாலும் குவாட்ஸ் என்னும் வெள்ளைப் படிகக்கல்லில் செய்த நுண்கருவிகள். பிறை வடிவம், முக்கோணம், சரிவகம். ஒரு ஓரம் கூர்மையாகவே விடப்பட்டிருக்கும். எதிர் ஓரம் சின்னச் சின்னதாகத் தட்டி மழுக்கப்பட்டிருக்கும், கம்பிலோ எலும்பிலோ பொருத்துவதற்காக. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கருவிகள் சுமார் 12,000 ஆண்டுப் பழமையானவை என்று நம்பியிருந்த காலத்தில், இங்கே அவை ஏறத்தாழ 30,000 ஆண்டுக்கு முந்தியவை என்று அவர் சொன்னார். நம்ப மறுத்தவர்கள் இருந்ததில் வியப்பில்லை. கித்துல்கலைக்கு அருகே பெலிலென குகையில் கடல் உப்பு வந்து சேர்ந்ததற்கான தடயமும் கிடைத்தது. மலைக்காட்டில் இருந்தவர்களுக்கும் கரைக்கும் அப்போதே தொடர்பு இருந்திருக்கிறது!

ஒரு ஆய்வாளரின் செல்வாக்கை அவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் தோண்டிய குழிக்கு அடுத்த தலைமுறை திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும். வந்தது. நிமல் பெரேரா முதலானோர் பட்டதொம்பலெனவில் மீண்டும் ஆய்வு செய்தபோது காலம் இன்னும் பின்னே போனது. 2019இல் ஓஷான் வெதகே குழுவினர், புலத்சிங்களவிலுள்ள பாகியன் குகையில் சுமார் 45,000 ஆண்டுக்கு முன்பே மனிதர் குரங்கையும் மலையணிலையும் வேட்டையாடி மழைக்காட்டில் வாழ்ந்ததைக் காட்டினார்கள். மழைக்காடு ஆதி மனிதருக்கு ஒத்துவராத இடம் என்ற பழைய எண்ணத்தை அசைத்த ஆய்வு அது. ஆசிரியர் பட்டியலில் தெரணியகலவின் பெயரும் இருக்கிறது. அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார்.

சரி, இதில் கிழக்குக்கு என்ன? நிறைய இருக்கிறது. சுமார் 1,25,000 ஆண்டுக்கு முன் வடக்கு, கிழக்கு, தெற்கு உலர் வலயத்தில் சதுர கிலோமீட்டருக்கு 0.8 முதல் 1.5 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு. ஈர வலயத்தில் 0.1 அல்லது அதற்கும் குறைவு. மதிப்பீடுதான், ஆனால் அந்தக் கணக்கில் ஆள் அதிகம் இருந்தது நம் பக்கம். அவர் ஆராய்ந்த மிகப் பழைய செம்மண், சரளைப் படிவுகளுக்கே கிளிநொச்சி இரணைமடுவின் பெயர்தான் வழங்குகிறது. புகழ் மட்டும் குகைகளுக்குப் போய்விட்டது. குகையில் எலும்பு தங்கும், திறந்த வெளியில் மக்கிப் போகும்.

தொல்லியல் என்றாலே நம் மக்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று எனக்கும் தெரியும். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு அறிவுத்துறையையே பிறர் கையில் விட்டுவிடுவது நமக்குத்தான் நட்டம். 30,000 ஆண்டுக்கு முந்திய படிகக்கல் எந்த மொழி பேசியவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துக்கு உரிமை கோர எவருக்கும் வழியில்லை. நம் பிள்ளைகள் அச்சமில்லாமல் நுழையக்கூடிய பகுதி அது.

முழு நூலையும் மொழிபெயர்ப்பது பெரிய வேலை. ஆதி மனிதர் பற்றி அவர் எழுதிய சுருக்கமான கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம். உயர்தர வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்கள், புவியியல் படித்தவர்கள், ஆங்கிலமோ சிங்களமோ நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது முன்வந்தால் நானும் தட்டச்சு செய்யவும் பிழை திருத்தவும் தயார். உள்பெட்டியில் எழுதுங்கள்.