நிமிர்ந்த பைசா கோபுரம்

(ஐரோப்பாவில் எடுத்த படங்களில் ஆல்பத்துக்கு எதெது தேறும் என்று லேப்டாப்பில் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.)

கல்யாணி: ஏங்க, இந்த ஈபிள் டவர் படம் ராத்திரி ஒரு மணிக்கு எடுத்ததா காட்டுது. வெளிச்சம் பளீர்னு இருக்கே?

சுந்தரம்: பாரிஸ்ல ஜூன் மாசம் சூரியன் மறையவே கிட்டத்தட்ட பத்து மணி ஆகும்மா.

கல்யாணி: சரி, பத்துன்னே வைங்க. மிச்ச மூணு மணி நேரம்?

சுந்தரம்: கேமரா கடிகாரம் நம்ம ஊர் நேரத்துலயே ஓடியிருக்கு. ஃபோன் தானா மாத்திக்கும். கேமராவுல நாமதான் மாத்தணும்.

கல்யாணி: நாமன்னா யாரு? என்னைத் தொட விட்டீங்களா அதை?

சுந்தரம்: இப்ப என்ன, மூன்றரை மணி நேரம் கழிச்சா ஒன்பதரை. சரியாப் போச்சு.

கல்யாணி: அதான் ஃபோன் படம், கேமரா படம் ரெண்டையும் கலந்து அடுக்கினதும், முதல்ல நீங்க ரூம்ல குறட்டை விடறீங்க, அடுத்த படத்துல டவர் ஏறறீங்க. பாக்கறவங்க தூக்கத்துல நடக்கிற வியாதின்னு நினைப்பாங்க.

சுந்தரம்: இதோ, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி...

கல்யாணி: கையை எடுங்க! ஃபோன் படம் சரியாத்தானே இருக்கு, அதுவும் சேர்ந்து பின்னாடி போயிடும். முதல்ல மொத்தத்தையும் தனியா ஒரு காப்பி போடுங்க. அப்புறம் கேமரா மாடலை வெச்சு அந்தப் படங்களை மட்டும் பிரிச்சு நேரத்தை மாத்துங்க.

சுந்தரம்: ஆச்சு. எவ்வளவு சுலபம் பாரு!

கல்யாணி: லண்டன்ல பிக் பென் நாலு மணிங்குது, உங்க படம் அஞ்சுங்குது. யாரை நம்பட்டும்?

சுந்தரம்: (கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு) லண்டன் பாரிஸை விட ஒரு மணி நேரம் பின்னாடி இல்ல? அங்க எடுத்ததுக்கு நாலரை கழிக்கணும்.

கல்யாணி: படத்துக்குள்ள கடிகாரம் இருந்தது, பொழைச்சோம். ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னு ரயில் போர்டைப் படம் பிடிச்சீங்களே, இப்பதான் அதுக்கு ஒரு பிரயோஜனம். எந்தப் படத்துல சந்தேகம் வந்தாலும் நேரத்தை அதுல சரிபாத்துக்கலாம்.

சுந்தரம்: இதைப் பாரேன், மோனாலிசா!

கல்யாணி: எங்க? ஃபோனைத் தூக்கின கைதான் தெரியுது.

சுந்தரம்: ஓவியமே 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம்தான். நான் என்ன பண்ண?

கல்யாணி: சரி, ஆல்ப்ஸ் மலை மேல ஏன் கட்டம் போட்டிருக்கு?

சுந்தரம்: அது என் சட்டை. பஸ் ஜன்னல்ல பட்டுத் தெரியுது.

கல்யாணி: லென்ஸைக் கண்ணாடிக்கு ஒட்டினாப்ல வெச்சு, சுத்தியும் கையால மறைச்சிருந்தா வந்திருக்காது. ரொம்ப அழுத்தினாலும் வம்பு, பஸ்ஸோட ஆட்டம் படத்துல இறங்கிடும். இனிமே இதுல ஒண்ணும் பண்ண முடியாது, சட்டை பனியில கிடக்கட்டும். அடுத்தது இது எந்தக் கோபுரம்?

சுந்தரம்: பைசா.

கல்யாணி: பைசாவா? நட்டுவெச்ச கம்பம் மாதிரி நிக்குது!

சுந்தரம்: ஆட்டோன்னு ஒரு பட்டன் இருந்துச்சு...

கல்யாணி: அது கோடு எங்க சாஞ்சிருக்குன்னு பார்த்து படத்தையே திருப்பிடும். கோபுரம் நிமிர்ந்தாச்சு, பக்கத்துல நல்லா இருந்த கதீட்ரல் சாஞ்சாச்சு, நீங்களும் சாஞ்சு நிக்கறீங்க. 1990ல கோபுரத்தை மூடி, வடக்குப் பக்கம் அடியில மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, 2001ல திறக்கறதுக்குள்ள உச்சியை 45 சென்டிமீட்டர்தான் திருப்ப முடிஞ்சுது இஞ்சினியர்களால.

சுந்தரம்: அவங்ககிட்ட இந்த பட்டன் இல்ல.

கல்யாணி: முதல்ல அன்டூ பண்ணுங்க. கையால தாங்கற மாதிரி எடுத்தது எங்க?

சுந்தரம்: நீ எடுத்ததுதானே? நான் தாங்கறது வேற யாரோ ஒருத்தர் முதுகை.

கல்யாணி: அதுக்கு எடுக்கறவங்க தரையோட உட்காரணும், கை எங்க வரணும்னு அங்கிருந்துதான் சொல்லணும். உட்கார்ந்தா என்னை யார் தூக்கிவிடறது? அது வேண்டாம், கதீட்ரல் வாசல்ல ரெண்டு பேரும் முழுசா நிக்கறதைப் பிரிண்ட் போடலாம்.

சுந்தரம்: நாலுக்கு ஆறு போட்டுடலாமா?

கல்யாணி: ஃபோன் படம் நாலுக்கு மூணு கணக்கு. படுக்கைவாட்டுல ஆறு இன்ச் அகலம் வெச்சா உயரம் நாலரை வரும். அரை இன்ச் வெட்டியாகணும்.

சுந்தரம்: வெள்ளை ஓரம் விட்டு முழுசா போடச் சொல்லேன்.

கல்யாணி: ஆல்பத்துல மத்ததெல்லாம் ஓரம் இல்லாம இருக்கே, இது மட்டும் தனியாத் தெரியும். கீழ வெட்டினா என் புது ஷூ போயிடும்.

சுந்தரம்: மேல வெட்டினா?

கல்யாணி: உங்க வழுக்கை. ஆர்டர் கொடுத்து அரைமணி நேரமாச்சு.